சைக்கிள் கொட்டகை விண்கற்கள்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, பழைய நூற்பாலை ஒன்றை இடித்துவிட்டு எழுப்பிய பொன்மாலை என்கிளேவ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் அறுபத்துநான்கு வீடுகளும், ஒரு நீச்சல்குளமும், அந்த நீச்சல்குளத்தில் யார் யார் எப்போதெல்லாம் இறங்கக் கூடாது என்று சொல்லும் ஒன்பது விதிகளும் இருந்தன. அங்கே குடியிருந்தவர்கள் தங்களைப் பற்றி நல்ல அபிப்பிராயம் கொண்டவர்கள். எதிர்ச்சாரியில் இருந்த இன்னொரு குடியிருப்புக்காரர்கள் பின்லாந்துக்குப் போய் வானத்தில் பச்சை வெளிச்சம் பார்த்துவிட்டு வந்து, அந்தப் படத்தைப் பத்தடி உயர ஃபிளெக்ஸில் அடித்து, இவர்களுடைய கேட்டைப் பார்த்தாற்போல் கட்டி வைத்த நாளிலிருந்து அந்த அபிப்பிராயத்தில் ஒரு கீறல் விழுந்துவிட்டது. காலையில் நடைப்பயிற்சிக்குக் கிளம்பினால் பச்சை வெளிச்சம், சாயங்காலம் கீரைக்கட்டோடு திரும்பினால் பச்சை வெளிச்சம், அதற்குக் கீழே கம்பளித் தொப்பி போட்ட எதிர்வீட்டுக்காரர்களின் பல்வரிசை.

நாற்பது நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சங்கத் தலைவர் தாமோதரசாமி அவசரக் கூட்டம் கூட்டினார். மில் ஒன்றில் ஜெனரல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். மில் மூடிப் பதினைந்து வருடமாகியும், தறிச் சத்தத்தை மீறிப் பேசுகிற குரல் அவரை விட்டுப் போகவில்லை.

"அவங்க பார்த்தது சும்மா நிக்கற வெளிச்சமுங்க. நாம விழறதைப் பார்க்கோணும்" என்றார்.

செயலாளர் ரேணுகாதேவி செல்போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார். டிசம்பர் மாதம் எரிகல் மழை பொழியும், மணிக்கு நூற்றிருபது விழும், பார்க்க நல்ல இடம் தென்னமெரிக்காவில் சிலி நாட்டுப் பாலைவனம்.

"அது எத்தனை தூரமுங்க?"

"போய்ச் சேர முப்பத்தாறு மணி நேரம்."

"பின்லாந்து?"

"அதுல பாதிகூட இல்லைங்க."

"அப்ப சிலிதான்" என்றார் தாமோதரசாமி. எல்லாரும் கை தட்டினார்கள். தீர்மானம் ஒன்று என்று ரேணுகாதேவி நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டபோது, ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, கூரைக் கான்கிரீட்டில் ஒரு விரிசல்கூட விடாமல் அதன் வழியாக இறங்கி வந்து, முறுக்குத் தட்டுக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் முதல் எரிகல் உட்கார்ந்தது. உரித்த தேங்காய் அளவு இருந்தது. உமி நெருப்பின் நிறம். பழைய ஃபிரிட்ஜ் போல மெதுவாக முனகிக்கொண்டிருந்தது.

யாரும் கத்தவில்லை. ரேணுகாதேவி லேப்டாப்பை ஒரு சாண் இந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார். தாமோதரசாமி மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அதைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"நிகழ்ச்சி நிரல்ல இல்லாததை இப்ப எடுத்துக்க முடியாதுங்க" என்றார்.

அதனால் கூட்டம் முடிகிற வரைக்கும் அது அங்கேயே இருந்தது. முடிந்ததும் துப்புரவு வேலை பார்க்கும் செல்வராணியைக் கூப்பிட்டார்கள். அவள் வந்து பார்த்தாள், இரண்டு முறங்களுக்கு நடுவே அதைப் பிடித்துத் தூக்கினாள், எங்கே போடுவது என்று கேட்டாள். சைக்கிள் கொட்டகையில் போடச் சொன்னார்கள். பொன்மாலையில் யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லை, ஆகவே அங்கே இடம் இருந்தது.

அடுத்த ஞாயிறு இரண்டு தீர்மானங்கள், இரண்டு கற்கள். அதற்கடுத்த ஞாயிறு, தொப்பியின் நிறம் காவியா நீலமா என்பதில் தொடங்கி, ராத்திரியில் குளிரடிக்கும் பாலைவனத்துக்குத் தயிர் கொண்டுபோவது எப்படி என்பது வரைக்கும் ஏழு தீர்மானங்கள், ஏழு கற்கள். ஒரு தீர்மானத்துக்கு ஒன்று வீதம் விழுகிறது என்பதை எல்லாரும் புரிந்துகொண்டார்கள். இனிமேல் தீர்மானம் போடாமல் கூட்டம் நடத்தினால் என்ன என்று ஒருவர் கேட்டார். நல்ல யோசனை என்று ஏகமனதாக அதைத் தீர்மானமாக நிறைவேற்றினார்கள், இன்னொன்று விழுந்தது.

கூட்டத்துக்கு வந்தவர்களில் வானத்தைப் பற்றித் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார். இரண்டாம் மாடி 2சி வீட்டில் தனியாக இருந்த அமிர்தகடேசன், அரசுக் கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் கற்பித்தவர், மாயவரம் பக்கத்துக்காரர், மனிதர்களை அவருக்குப் பிடிக்காது. அவருடைய மனைவி கல்யாணமான பதினோராம் வருடம் அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கென்று போனவள் திரும்பி வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவரும் கேட்கவில்லை, கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்ற பயம்தான் காரணம் என்று அவரை அறிந்தவர்கள் சொன்னார்கள். சிலிப் பயணத்துக்கு முதல் ஆளாகப் பெயர் கொடுத்தவர் அவர்தான். அவருடைய பக்கத்தில் உட்கார நேர்ந்துவிடுமோ என்று மற்றவர்கள் கவலைப்பட்டார்கள்.

முதல் கல் விழுந்த அன்றைக்கே அவர் எழுந்து நின்று, அது எரிகல் இல்லை என்றார். எரிகல் என்று நாம் பார்ப்பது அரிசிக்குருணை அளவுத் துகள்; அது எழுபது எண்பது கிலோமீட்டர் உயரத்திலேயே எரிந்து சாம்பலாகிவிடும்; தப்பித் தவறிக் கீழே வந்தால் கறுத்த கல்லாகத்தான் வரும்; கூரையைத் துளைக்கும்; முனகாது. ஆகவே மேஜை மேல் இருப்பது சாத்தியமில்லாத ஒன்று, சாத்தியமில்லாததை அவர் பார்க்கப் போவதில்லை. சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். ரேணுகாதேவிக்கு ரொம்ப நிம்மதி. "புரொஃபசரே சொல்லிட்டாருங்க. அப்படியே இருந்தாலும் அது லோக்கல். நாம பார்க்கப் போறது இன்டர்நேஷனல்" என்றார், அதையும் குறித்துக்கொண்டார்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. அந்த வருடம் இருபத்திரண்டு நாள் சூரியன் தலைகாட்டவில்லை, துணியெல்லாம் பூஞ்சை வாடை அடித்தது, மாவு பொங்கவில்லை. அப்போது நான்காம் மாடிப் பெண் ஒருத்தி, யாருக்கும் தெரியாமல், குழந்தையின் பள்ளிச் சீருடையைக் கொண்டுபோய்ச் சைக்கிள் கொட்டகையில் கொடி கட்டிக் காயப்போட்டாள். கால் மணியில் மொடமொடவென்று காய்ந்தது. மறுநாள் பதினான்கு வீட்டுத் துணி தொங்கியது. அதற்கடுத்த நாள் இட்லி மாவுப் பாத்திரங்கள் வரிசையாக வந்து உட்கார்ந்தன. மூட்டுவலிக்காரர்கள் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முழங்காலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வலி குறைந்ததா என்று கேட்டால், இதைவிட அந்த ஆயுர்வேத எண்ணெய் தேவலை என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இன்னும் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் மாரிச்சாமி ஒரு சிறிய கல்லை வாங்கிப்போய்க் கரிக்குப் பதிலாகப் பெட்டிக்குள் வைத்தான். சாம்பல் விழவில்லை, வேட்டியில் பொத்தல் விழவில்லை, சட்டைக் காலர் அட்டை மாதிரி நின்றது. சங்கம் உடனே சுற்றறிக்கை ஒட்டியது: கற்களின் மேல் உள்ளாடைகளைக் காயப்போடக் கூடாது, கற்களுக்கு உணவு கொடுக்கக் கூடாது, வாடகைக்குக் குடியிருப்போர் மாலை ஐந்து மணிக்குப் பிறகு கற்களைப் பயன்படுத்தக் கூடாது.

மாநகராட்சிக்கும் எழுதினார்கள். இவை மக்கும் குப்பையா மக்காத குப்பையா என்று கேட்டிருந்தார்கள். அங்கிருந்து ஒருவர் வந்து, ஒரு கல்லைக் குச்சியால் தட்டிப் பார்த்துவிட்டு, இரண்டிலும் சேராது, தரம் பிரித்துக் கொடுத்தால்தான் எடுப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு அந்த விஷயம் முடிந்தது.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தக் கற்களின் சூட்டில் காய்ந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவற்றின் சூட்டில் பொங்கிய மாவில் அவித்த இட்லியைத் தின்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் போய் உட்கார்ந்து, எரிகல் விழுவதைப் பார்க்க முப்பத்தாறு மணி நேரம் பறப்பதைப் பற்றி அவர்கள் பேசினார்கள், பேசப் பேசக் கூரையிலிருந்து கல் இறங்கியது, பேச்சுக்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று அதை ஓரமாகத் தள்ளி வைத்தார்கள். இதில் அவர்களுக்கு எந்த முரண்பாடும் தெரியவில்லை.

செல்வராணிக்குத் தெரிந்தது, ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. அறுபத்துநான்கு வீட்டு நடைபாதையையும் தினமும் துடைக்கிறவள் அவள். இந்த மனிதர்களின் செருப்பு, குப்பை, கதவுக்குப் பின்னால் போடும் சண்டை எல்லாம் தெரிந்ததால் யார் மேலும் அவளுக்கு மரியாதை மிஞ்சியிருக்கவில்லை. கொட்டகையிலேயே ஒரு கல்லின் மேல் பாத்திரம் வைத்து மத்தியானச் சோறு ஆக்கிக்கொண்டாள். அமிர்தகடேசன் வீட்டிலும் பெருக்கித் துடைத்தாள்; மூன்று வருடத்தில் அவர் அவளைக் குறை சொன்னது நானூறு தடவை இருக்கும், அவள் திருப்பிச் சொன்னதும் அதே அளவு இருக்கும், ஆகவே இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

"நீங்க இல்லைன்னு சொல்றதுல நான் நேத்துச் சோறு வடிச்சேனுங்க சார்" என்றாள் ஒருநாள்.

"வடிச்சிருக்கலாம். அதனால அது எரிகல் ஆயிடாது."

"சோறு நல்லா வெந்துச்சுங்க."

"தூசியைத் தட்டு. புஸ்தகத்தை இடம் மாத்தாதே."

புத்தகத்தை இடம் மாற்றினால் அவரால் கண்டுபிடிக்க முடியாது என்பது அவளுக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. அவருடைய பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வந்தது. கண்ணில் அழுத்தம், நரம்பு போய்விட்டது, பொங்கலுக்குள் முழுசாகப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஒரு வளையலின் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் கொஞ்சம் உலகம் மிச்சமிருந்தது. அதை வைத்துக்கொண்டு படியேறினார், இறங்கினார், கூட்டத்துக்கு வந்தார், கொட்டகையைத் தாண்டும்போது பழக்கம் மாறாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கார்த்திகை முதல் ஞாயிறு விசா விண்ணப்பத்தில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். அவர் தாளுக்கு ஒரு அங்குலம் தள்ளி மேஜை விரிப்பின் மேல் போட்டார். எல்லாரும் அந்தக் கையெழுத்தைப் பார்த்தார்கள். பிறகு ரேணுகாதேவி பேனாவை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்.

மறுநாள் தாமோதரசாமி ஒரு பையில் சாத்துக்குடியோடு 2சிக்கு வந்தார்.

"உங்க நல்லதுக்குத்தானுங்க சார் சொல்றோம். பாலைவனம், மேடு பள்ளம். ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆச்சுன்னா?"

"நான் என்னைப் பார்த்துக்குவேன்."

"அதுவுமில்லாம…" தாமோதரசாமி சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். "பார்க்கறதுக்குன்னு போறோமுங்க. பார்க்க முடியாதவரைக் கூட்டிட்டுப் போயி என்ன பண்றது? என் மச்சினன் ரொம்ப நாளாக் கேட்டுட்டிருக்கான், அந்த சீட்டை அவனுக்குக் கொடுத்தாச்சு. நேத்து நீங்க போனப்புறம் தீர்மானமும் ஆயிருச்சுங்க."

கீழே கொட்டகையில் அந்தத் தீர்மானத்துக்கு விழுந்த கல்லைச் செல்வராணி ஏற்கெனவே கொண்டுபோய் வைத்திருந்தாள்.

தாமோதரசாமி போன பிறகு, பெருக்க வந்திருந்த செல்வராணி சாத்துக்குடியை எடுத்துப் பார்த்தாள்.

"பாதி அழுகலுங்க" என்றாள்.

"தூக்கிப் போடு."

அவள் போடப் போனபோது, அவளிடம் சொல்கிறவர்போல் இல்லாமல் சொன்னார். "வருஷா வருஷம் ரெண்டாம் வருஷப் பசங்களுக்குச் சொல்லியிருக்கேன். மணிக்கு நூற்றிருபதுன்னு. போர்டுல எழுதி வட்டம் போட்டு. நான் இந்தக் கண்ணால பார்த்தது மொத்தம் மூணு. அந்த மூணுல ஒண்ணு ஏரோப்ளேனா இருந்திருக்கலாம்."

செல்வராணி திரும்பி, தலைவரைப் பார்க்கிற அதே பார்வையை அவர் மேல் வைத்தாள். "மூணைப் பாத்துப்போட்டு நூத்திருபதுன்னு சொல்லி முப்பது வருசம் சம்பளம் வாங்குனீங்களா" என்றாள்.

மார்கழிக்கு நாலைந்து நாள் முன்னால் முப்பத்தெட்டுப் பேர் கிளம்பினார்கள். ஒரே நிறத் தொப்பி, ஒரே நிறப் பை, புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, இரண்டு மின்சாரக் குக்கர், சிலியில் விரித்துப் பிடிப்பதற்காகச் சங்கத்தின் பெயர் போட்ட இருபதடி பேனர். எதிர்க் குடியிருப்பின் கேட் முன்னால் பஸ்ஸைப் பத்து நிமிடம் நிறுத்தச் சொல்லி, அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு பொன்மாலை அமைதியாயிற்று. லிஃப்ட் மேலும் கீழும் போகவில்லை. மழை விட்டு வானம் கழுவினாற்போல் இருந்தது.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணி. செல்வராணி நடைபாதையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கொட்டகையிலிருந்து வந்த முனகல் நின்றது. ஆறு மாதமாகக் காதில் இருந்த சத்தம் இல்லாமல் போனதும் அவள் துடைப்பதை நிறுத்தினாள். போய்ப் பார்த்தாள். பிறகு படியேறி 2சி கதவைத் தட்டினாள்.

"சார், நீங்க இல்லைன்னு சொன்னதெல்லாம் கிளம்புதுங்க."

"எங்கே?"

"மேலே. அங்க அவங்க என்ன தீர்மானம் போட்டாங்களோ, ஒண்ணொண்ணா ஏறுதுங்க. வந்து பாருங்க."

அவர் கதவைப் பாதி திறந்தபடி நின்றார். "அது நடக்காது செல்வராணி. பகல்ல, தரையிலிருந்து, மேல் நோக்கி. அதுக்கு விதியே கிடையாது. நான் வரலை."

அவள் மாப்புக் கட்டையைத் தரையில் ஊன்றினாள். அவள் குரலில் கோபம் இல்லை. குப்பையைப் பார்த்துச் சொல்கிறவள்போல் சொன்னாள்.

"நீங்களும் அந்தத் தொப்பிக் கூட்டமும் ஒண்ணுதானுங்க. அவங்க வெளிநாட்டுல இருந்தாத்தான் பாப்பாங்க. நீங்க புஸ்தகத்துல இருந்தாத்தான் பாப்பீங்க. தாமோதரசாமியாவது அவ்வளவு தூரம் போயிருக்காருங்க. நீங்க ரெண்டு மாடி இறங்கமாட்டேங்கறீங்க."

சொல்லிவிட்டு அவள் இறங்கினாள். அமிர்தகடேசன் வாழ்நாளில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறார், மனைவியிடம், சக ஆசிரியர்களிடம், பிரின்ஸிபாலிடம், எதுவும் தைத்ததில்லை. தாமோதரசாமியைவிடக் கீழே என்று அவரை யாரும் சொன்னதில்லை. பனியனோடு இருந்தவர் சட்டையை எடுத்து மாட்டினார், பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, சுவரைத் தடவித் தடவிப் படியில் இறங்கினார். இறங்கும்போது, இது அறிவுக்குப் பொருந்தாதது என்று தனக்குத்தானே மூன்று தடவை சொல்லிக்கொண்டார்.

கொட்டகை வாசலில் வாட்ச்மேன் இருந்தார், மூட்டுவலிக்காரர்கள் இருந்தார்கள், மாவுப் பாத்திரத்தை எடுக்க வந்தவர்கள் இருந்தார்கள். கற்கள் ஒவ்வொன்றாகத் தரையை விட்டுக் கிளம்பின. அவசரம் இல்லை. ஒரு சாண் உயரத்தில் கொஞ்சம் நின்று, திசை பார்த்துக்கொள்கிறதுபோல் நின்று, பிறகு தகரக் கூரையை அதில் ஒரு ஓட்டையும் போடாமல் கடந்து, பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு ஏறின. நான்காம் மாடிப் பெண், இன்னும் ஈரம் காயாத போர்வையைப் பிழிந்துகொண்டே, முன்கூட்டிச் சொல்லியிருந்தால் நேற்றே துவைத்திருப்பேனே என்று குறைபட்டாள். யாரோ ஒருவர் ஏறிப்போகும் கல்லிடம், முட்டிக்கு இன்னும் நாலு நாள் பாக்கி இருக்கிறது என்று சொன்னார்.

செல்வராணி அமிர்தகடேசனின் முழங்கையைப் பிடித்துக் கொட்டகைக்கு வெளியே, கூரை முடிகிற இடத்தில் நிறுத்தி, "தலையைத் தூக்குங்க" என்றாள்.

அவருக்கு மிச்சமிருந்தது வளையல் அளவு வானம். அந்த நீல வட்டத்தின் அடியில் ஒரு வெளிச்சம் நுழைந்தது, வட்டத்தின் நடுவாக ஏறியது, மேல் விளிம்பில் மறைந்தது. பின்னால் இன்னொன்று. பின்னால் இன்னொன்று. சுற்றியிருந்தவர்களுக்குக் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருந்தது. அவருக்கு எதையும் தேட வேண்டியிருக்கவில்லை, எல்லாம் அந்த ஒரே வழியாகப் போயின. ஒன்று வெள்ளையாக இருந்தது. ஒன்றின் வாலில் செம்பு எரியும் பச்சை இருந்தது. அவர் எண்ணத் தொடங்கினார், முதலில் மனசுக்குள், பிறகு உதட்டில், பிறகு சத்தமாக, வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற குரலில். நாற்பத்தொன்று. நாற்பத்திரண்டு. அவர் கன்னம் நனைந்தது. கண் வியாதியால் வருகிற நீர் என்று அவர் பிற்பாடு சொன்னார், இருக்கலாம்.

"அறுபத்தேழு" என்றபோது மாரிச்சாமி ஓடி வந்தான். இஸ்திரிப் பெட்டி லேசாகிவிட்டது, மூடியைத் திறந்தால் உள்ளே கல் இல்லை, பாதி தேய்த்த பட்டுப்புடவை பலகை மேல் கிடக்கிறது, இதற்கு யார் பதில் சொல்வது என்று கேட்டான். அவனுக்குச் செல்வராணி பதில் சொன்னாள், வாட்ச்மேன் இன்னொரு பதில் சொன்னார், மாரிச்சாமி அமிர்தகடேசனின் கையைப் பிடித்து நீங்களாவது நியாயம் சொல்லுங்க சார் என்றான். அறுபத்தெட்டா எழுபதா என்பது அவருக்குத் தப்பிப்போயிற்று. அவர் அவனைத் திட்டவில்லை. "இருப்பா, பார்த்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார், முகத்தை வானத்திலிருந்து எடுக்காமல். ஒரு மணி நேரம் ஆயிற்று. எண்ணாமலே நின்று பார்த்தார்.

அந்த நேரம் சிலியில் அதிகாலை இரண்டு மணி. முப்பத்தெட்டுப் பேரும் முந்தைய இரவு பதினொரு மணியிலிருந்து வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். நட்சத்திரங்கள் நெல் காயப்போட்டாற்போல் கிடந்தன, ஒன்றுகூட அசையவில்லை. குளிர் எலும்பில் ஏறியது. ஏமாற்றப்பட்டோம் என்று தாமோதரசாமி முடிவுக்கு வந்து, எல்லாரையும் பஸ்ஸுக்குள் ஏற்றி, கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டுக் கூட்டத்தைத் தொடங்கினார். பயணத்தை ஏற்பாடு செய்தவர்களைக் கண்டித்து ஒரு தீர்மானம், வானத்தைக் கண்டித்து ஒரு தீர்மானம் என்று வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வெளியே சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர், அந்த ஊர்க்காரர், திடீரென்று தலைக்கு மேல் கோடு கோடாக இறங்குவதைப் பார்த்தார். பாலைவனம் முழுக்க வெளிச்சமாயிற்று. அவர் ஜன்னலைத் தட்டினார். திரையை ஒதுக்கித் தாமோதரசாமி கையைக் காட்டினார், கூட்டம் நடக்கிறது, காத்திருக்கவும். இன்னொரு தடவை தட்டினார். இன்னொரு தடவை கையைக் காட்டினார். டிரைவர் தோளைக் குலுக்கிவிட்டு, பாறை மேல் மல்லாந்து படுத்து, கடைசி ஒன்று விழுகிற வரைக்கும் தனியாகப் பார்த்தார்.

திரும்பி வரும் விமானத்தில் கடைசித் தீர்மானம் நிறைவேறியது: மணிக்கு இருநூறு பார்த்தோம். ஏகமனது. அந்தத் தீர்மானத்துக்கு எதுவும் விழவில்லை.

ஊருக்கு வந்ததும் மாலை, சால்வை, எதிர்க் குடியிருப்பைப் பார்த்தாற்போல் பன்னிரண்டடி ஃபிளெக்ஸ். இன்டர்நெட்டில் எடுத்த வானத்துக்குக் கீழே முப்பத்தெட்டுத் தொப்பிகள். ஹாலில் நடந்த பாராட்டு விழாவில் ஒவ்வொருவரும் எழுந்து, வார்த்தையே இல்லைங்க என்றார். அது மட்டும் உண்மை. சைக்கிள் கொட்டகை காலியாக இருப்பதைப் பார்த்து ரேணுகாதேவி, இத்தனை நாள் இதை யாரும் சுத்தம் பண்ணவில்லையே என்று நினைத்தேன், பண்ணிவிட்டார்கள்போல, என்றார்.

பொங்கல் கழிந்து ஒரு வாரம். அமிர்தகடேசனுக்கு அந்த வட்டமும் மூடிவிட்டது. வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரிந்தது. ஒரு நாள் காலை வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது, தொண்டையைக் கனைத்ததிலேயே யாரென்று தெரிந்தது. இந்தத் தடவை பழம் எதுவும் இல்லை.

"உட்காருங்க தாமோதரசாமி."

அவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். உள்ளே செல்வராணி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"எம்பேத்தி பெங்களூர்ல இருந்து வந்திருக்கறாளுங்க. ஏழு வயசு" என்றார். மில் குரல் இல்லை. "தாத்தா, நீ பார்த்தியே, அது எப்படிப் போச்சு, கையில காட்டுன்னு கேக்கறா. மத்தவங்க கேட்டா என்னமோ சொல்லிப் போடறேனுங்க. அவ கையைப் புடிச்சுட்டுக் கேக்கறா. எனக்குக் கை எந்திரிக்கலை சார். அன்னிக்கு இங்க என்னமோ நீங்க பார்த்தீங்கன்னு வாட்ச்மேன் சொன்னான்."

அமிர்தகடேசன் அந்தக் குரல் வந்த திசையில் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். சொல்வதற்கு அவரிடம் நிறைய இருந்தது. முப்பத்திரண்டு வருடம் பழகிய நாக்கு, பார்க்க முடியாதவரைக் கூட்டிப்போய் என்ன பண்ணுவது என்பதற்குச் சரியான பதில் அதன் நுனியிலேயே இருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. வலது கையை முழங்கால் மேலிருந்து எடுத்தார், விரல்களைச் சேர்த்து, மெதுவாக, ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, பிறகு தலைக்கு மேல் வரைக்கும் தூக்கினார்.

"இப்படி" என்றார்.

"மேலேயுங்களா?"

"மேலே."

"விழறதுன்னா கீழதானுங்களே சார் வரும்."

"நான் பார்த்தது மேலே போச்சு."

தாமோதரசாமி அவரை உற்றுப் பார்த்தார். கேலி செய்கிறாரா என்று தேடினார். அந்த முகத்தில் எதுவும் கிடைக்காமல் எழுந்து, "வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கீழேன்னே சொல்லியிருக்கலாமுங்க" என்றாள் செல்வராணி உள்ளேயிருந்து. "அந்தப் புள்ளைக்கு அது போதும்."

"ஒருத்தருக்காவது சரியாச் சொல்லணும்" என்றார் அவர்.

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்தில் தாமோதரசாமி தனியாக நின்றுகொண்டிருந்தார். அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பார்த்தார். பிறகு வலது கையை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்தார், நிறுத்தினார், தலைக்கு மேல் தூக்கினார். தூக்கிய கையை இறக்காமல், விரல் நுனி காட்டிய இடத்தை, வெறும் நீலமாக இருந்த அந்த இடத்தை, வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

செல்வராணி அவர் கை தானாக இறங்குகிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு மாப்பைப் பிழிந்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்றாள். "தொடைக்கோணும்."